சொகுசுப் படகின் திரை சொல்லாதவை

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எதுவும் கடற்கரை ஊர் இல்லை. ஆனாலும் சொகுசுப் படகுகளின் வீடியோக்கள் நம் செல்போன்களிலும் ஓடுகின்றன. அகலத் தொடுதிரை, தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி, நடுக்கடலில் இணையம் என்று பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. கூடவே சில தவறான எண்ணங்களும் மனதில் படிந்துவிடுகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த கருவிகள் காசிமேட்டு விசைப்படகுகளிலும் இருப்பதால், தவறான எண்ணம் உயிருக்கே ஆபத்தாகலாம். அவற்றில் ஆறை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: இந்தத் தொழில்நுட்பத்துக்கும் நம் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை.

உண்மை: ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் பீரங்கி வண்டி மேடுபள்ளத்தில் ஓடும்போதும் அதன் பீரங்கி இலக்கை விட்டு விலகாது. வண்டி எவ்வளவு ஆடுகிறது என்று கைரோ உணரிகள் அளக்கும். அந்த ஆட்டத்தை மோட்டார்கள் உடனே ஈடுகட்டும். அலையில் ஆடும் சொகுசுப் படகின் செயற்கைக்கோள் டிஷ் வானத்தின் ஒரே புள்ளியைப் பார்த்தபடி நிற்பதும் இதே தத்துவத்தால்தான். ஆவடிக்காரர்களுக்கு இது அந்நிய வித்தை அல்ல.

நம்பிக்கை 2: படகில் ஜிபிஎஸ் இருந்தால், நாம் எங்கே இருக்கிறோம் என்று கரையில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

உண்மை: தெரியாது. ஜிபிஎஸ் ஒரு ரேடியோப் பெட்டி மாதிரி, கேட்கும், பேசாது. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி, நம் இடத்தை நமக்கு மட்டும் சொல்லும். பிறருக்குத் தெரிய வேண்டுமென்றால் அனுப்பும் கருவி தனியாக வேண்டும். ஏஐஎஸ் கருவி படகின் அடையாளத்தையும் இடத்தையும் வேகத்தையும் விஎச்எஃப் அலையில் அருகிலுள்ள கப்பல்களுக்கு அனுப்பும். மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி, செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல் படைக்குத் தகவல் கொடுக்கும். 2024இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வரும்.

நம்பிக்கை 3: ஜிபிஎஸ்ஸை யாராலும் ஏமாற்ற முடியாது.

உண்மை: 2013இல் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாட் ஹம்ப்ரீஸின் குழு இதைச் செய்தே காட்டியது. மத்தியதரைக் கடலில் சென்ற 65 மீட்டர் நீளமுள்ள ‘ஒயிட் ரோஸ் ஆஃப் டிராக்ஸ்’ சொகுசுப் படகில், உரிமையாளரின் சம்மதத்தோடு, போலிச் சமிக்ஞையை அனுப்பினார்கள். படகு உண்மையில் வழி மாறித் திரும்பியது. திரையில் மட்டும் நேர்கோட்டில் போவதாகவே தெரிந்தது. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. அதனால்தான் தேர்ந்த மாலுமிகள் ஜிபிஎஸ் காட்டும் இடத்தை ரேடார், திசைகாட்டி, ஆழமானி ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

நம்பிக்கை 4: மின்னணுக் கடல் வரைபடம் எல்லாவற்றையும் காட்டிவிடும்.

உண்மை: நாம் எந்த அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறோமோ அந்த அளவுக்குத்தான் காட்டும். 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் வால்வோ பாய்மரப் போட்டியில் இருந்த ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் காராஹோஸ் பவளத்திட்டில் மோதி நின்றது. உலகத்தரம் வாய்ந்த குழு, உயர்தரக் கருவிகள். ஆனால் வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தபோது அந்தத் திட்டின் ஆபத்து தெளிவாகத் தெரியவில்லை. படகில் இருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். புறப்படும் முன் போகும் பாதை முழுவதையும் பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும்.

நம்பிக்கை 5: கருவியில் ஐபி67 என்று போட்டிருந்தால் கடலுக்கும் தாங்கும்.

உண்மை: ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்தாலும் தண்ணீர் உள்ளே போகாது என்பதுதான் அதன் பொருள். சோதிப்பது நல்ல தண்ணீரில். உப்பு வேறு எதிரி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முலாம் பூசும் வேலை செய்பவர்களைக் கேளுங்கள். ஐந்து சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் பனிபோலத் தூவி, பல மணி நேரம் வைத்துப் பார்க்கும் ‘சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட்’ அவர்களுக்குப் பழகியது. கடலுக்குப் போகும் கருவிக்கு அந்த வகைச் சோதனைதான் முக்கியம். சாதாரணச் செம்புக் கம்பி உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும். படகுக்கு வெள்ளீய முலாம் பூசிய கம்பியே ஏற்றது.

நம்பிக்கை 6: கோடிகள் கொட்டிய படகு மூழ்காது.

உண்மை: 2024 ஆகஸ்ட் 19 அதிகாலை, சிசிலித் தீவின் போர்டிசெல்லோ அருகே நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் நீளமுள்ள ‘பேயீசியன்’ பாய்மரச் சொகுசுப் படகு புயல்காற்றில் மூழ்கியது. ஏழு பேர் இறந்தார்கள். பாய்களை இறக்கி, நடு அடிப்பலகையை உயர்த்திய நிலையில், பக்கவாட்டில் 63.4 நாட் வேகத்துக்கு மேல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 117 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் படகு கவிழக்கூடும் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு 2025இல் கூறியது. இந்த வரம்பு படகில் இருந்த நிலைப்புக் கையேட்டில் இல்லை. தன் படகு எதுவரை தாங்கும் என்று தெரியாத மாலுமிக்கு எந்தத் திரையும் துணை நிற்காது.

நம் பக்கத்து ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மின்னணுக் கருவிகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வேலை சொகுசுப் படகிலும் உண்டு, மீன்பிடிப் படகிலும் உண்டு. கருவி வாங்குபவர்கள் கடல் கருவிகளுக்கான ஐஇசி 60945 தரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கடலோரத்தில் சொந்தக்காரர்கள் இருந்தால், ஜிபிஎஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆபத்து அறிவிப்புக் கருவியையும் படகில் ஏற்றச் சொல்லுங்கள். புறப்படும் முன் அது வேலை செய்கிறதா என்று பார்க்கவும் சொல்லுங்கள்.