மரச்செதுக்கு இயந்திரத்தில் பிடிசட்டத்தை நேர்படுத்தும் முறை

டாபி பூட்டிய தறியில் ஒரு சட்டம் பிளந்துபோனால், மாற்றுச் சட்டம் கிடைக்கும்வரை தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலியும் நிற்கும். சி.என்.சி. ரவுட்டர் எனப்படும், கணினியின் ஏவலில் இயங்கும் சிறிய மரச்செதுக்கு இயந்திரம் ஒன்று சங்கத்தின் பட்டறையில் இருக்குமாயின், அத்தகைய சட்டங்களை நாமே அறுத்துத் துளையிட்டுக்கொள்ளலாம். பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களும் விதைக்கருவிக்குரிய துளைத்தட்டுகளை இதிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் இயந்திரம் எவ்வளவு நுட்பமானதாயினும், மரத்தைப் பற்றியிருக்கும் பிடிசட்டம் கோணலாயிருந்தால் வேலையும் கோணலாகவே முடியும். பட்டறைகளில் ஃபிக்ஸ்சர் என வழங்கும் இப்பிடிசட்டத்தை மேசைமீது பொருத்தி நேர்படுத்தும் விதத்தையே இங்குக் கூறப்புகுந்தோம்.

முதலில் பிழையின் அளவைக் காண்போம். 400 மி.மீ. நீளமுள்ள சட்டம் ஒன்றைத் துளையிடுகிறோம். பிடிசட்டம் 100 மி.மீ.க்கு அரை மி.மீ. சாய்ந்திருக்கிறது. கண்ணுக்கு இது புலப்படாது. ஆயினும் முதல் துளை நடுக்கோட்டில் விழ, மறுகோடியில் உள்ள துளை ஏறக்குறைய 2 மி.மீ. விலகி விழும். அதில் செருகிய முளை தன் நெம்புகோலைச் சரிவரத் தூக்காது. துணியில் பூ கலையும். பாவு உருளையும் துணி உருளையும் இணையாக இல்லாத தறியில் துணி ஒருபக்கம் இழுப்பதை அறியாத நெசவாளர் இல்லை. இதுவும் அத்தகையதே.

இணை என்றால் எதற்கு இணை? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மேசையின் விளிம்பையோ அதிலுள்ள டி வடிவப் பள்ளத்தையோ ஆதாரமாகக் கொண்டு மூலைமட்டம் வைத்துப் பொருத்துகிறார்கள். வெட்டுளி ஓடும் திசையே உண்மையான நூல். பள்ளம் அதற்கு இணையாக அமைந்திருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. (எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று நூல்களில் எழுதுவார்கள். அச்சு என்ற சொல் தறிக்காரர்களுக்கு வேறு பொருள் தருமாதலால் நாம் திசை என்றே எழுதுகிறோம்.)

பிடிசட்டத்தைத் தொடுமுன் இயந்திரத்தையே ஒருமுறை சோதித்தல் வேண்டும். மேசைமீது திருகிய எம்.டி.எஃப். பலகையில் 300 மி.மீ.க்கு 400 மி.மீ. நீள்சதுரமாக நான்கு சிறு துளைகள் இடுக. மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாயிருந்தால் எக்ஸ் திசையும் ஒய் திசையும் செங்குத்தாக உள்ளன. அளவும் சரியாயின் அவை 500 மி.மீ. காட்டும். வேறுபட்டால் குறுக்குப் பாலத்தைச் சரிசெய்க. பின்னர் அகன்ற வெட்டுளியால் பலகையின் முகத்தைச் சீவுக. சீவிய தடங்களுக்கிடையே நகத்துக்குப் படி தட்டினால் சுழல்தண்டு சாய்ந்திருக்கிறது என்று பொருள். அதை நிமிர்த்தி மறுபடியும் சீவுதல் வேண்டும்.

இனி நேர்படுத்தல். சுழல்தண்டு மோட்டாரின் மின்னிணைப்பைத் துண்டித்துவிடுக. தோளில் கிடக்கும் துண்டையும் எடுத்து வைத்துவிடுவது நலம். 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜைச் சுழல்தண்டைத் தாங்கும் கட்டையில் இறுகப் பொருத்தி, அதன் முனை பிடிசட்டத்தின் நிலைத்தாடையைத் தொடுமாறு செய்க. நகரும் தாடையைத் தொட்டு அளப்பது பயனற்றது. அது தன் தளர்வுக்கேற்ப ஆடும். இரண்டு போல்ட்டுகளில் ஒன்றைச் சற்று இறுக்கியும் மற்றதை இலேசாகவும் வைத்து, இறுக்கிய போல்ட்டின் பக்கம் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துக. பின் பாலத்தை எக்ஸ் திசையில் மெல்ல மறுகோடிக்கு நகர்த்தி, அங்கே முள் காட்டும் வேற்றுமை தீரும்வரை மரச்சுத்தியால் தட்டுக. தட்டும்போது முதல் முனையும் சிறிது நகர்ந்திருக்கும். ஆதலால் திரும்பி வந்து, முள்ளைப் பூஜ்யமாக்கி, மீண்டும் தொடர வேண்டும். மூன்று நான்கு முறையில் வேற்றுமை அடங்கிவிடும். மர வேலைக்கு முழு நீளத்திற்கும் 0.05 மி.மீ.க்குள் நின்றால் போதுமென்பது நம் கருத்து. அதற்குமேல் பொழுது செலவிடுவது வீண். போல்ட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. முழுதும் இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை அளந்தே தீரவேண்டும். இறுக்கும் விசையே பிடிசட்டத்தைத் திருப்பிவிடக்கூடும். மரம் அமரும் தளத்தின் மீதும் கேஜை ஓட்டிப் பார்த்து, தாழ்ந்த பக்கத்தில் எழுதும் தாளைக் கொடுத்து உயர்த்தலாம். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. தடிப்புடையது.

கேஜ் இல்லாத இடத்தில் இதனினும் எளிய வழி ஒன்றுண்டு. கடின மரச்சட்டம் ஒன்றைப் பலகையில் திருகிவிட்டு, வெட்டுளியை எக்ஸ் திசையில் ஓட்டி அதன் விளிம்பை இயந்திரத்தைக் கொண்டே சீவச் செய்க. அவ்விளிம்பு வெட்டுளியின் ஓட்டத்திற்கு இணையாகவே அமையும். கழற்றிவிட்டால் அந்நேர்மை போய்விடும் என்பதே இதன் குறை. கழற்றி மாட்ட வேண்டுமாயின், சட்டத்தையும் பலகையையும் ஒருசேரத் துளைத்து இரண்டு எஃகு முளைகள் இடுக. சட்டத்தில் ஒரு துளை வட்டமாகவும் மற்றது நீளவாக்கில் சற்று நீண்டதாகவும் இருத்தல் நன்று. மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து உப்பினாலும் முளைகள் இறுகிப்போகமாட்டா. மழைக்காலம் கழிந்ததும் பலகையை மறுபடியும் சீவிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தொடக்கப் புள்ளி. 6 மி.மீ. உருளைக் கம்பியைச் சுழல்தண்டில் பூட்டி நிலைத்தாடையைத் தொடச்செய்தால், சுழல்தண்டின் நடு தாடையிலிருந்து 3 மி.மீ. தள்ளி நிற்கிறது. கோடித் தடையையும் அவ்வாறே தொட்டு, அம்மூலையையே பூஜ்யமாக இயந்திரத்தில் பதிந்துகொள்க. இனி எத்தனை சட்டம் வைத்தாலும் அளக்க வேண்டுவதில்லை. ஒன்றே எச்சரிக்கை: மூலையில் மரத்தூள் சேர்ந்தால் சட்டம் ஒட்டி உட்காராது. அங்கே தூள் ஒதுங்கச் சிறு பள்ளம் வெட்டிவைப்பதும், ஒவ்வொரு முறையும் தூரிகையால் துடைப்பதும் அவசியம். மெல்லிய மரத்தைத் தாடையில் அளவுமீறி நெரித்தால் அது வளைந்த நிலையில் துளைபட்டு, விட்டபின் நிமிர்ந்து துளைவரிசையை வளைத்துவிடும்.

நல்ல தேக்கை வைக்குமுன், வெட்டுளியை மேலே தூக்கி வெறுங்காற்றில் ஒருமுறை வேலையை ஓட்டிப் பார்த்து, அது போல்ட்டுத் தலைகளில் மோதாதென்று தெளிக. பின் கழிவுமரத்தில் முதல் துளையும் கடைசித் துளையும் மட்டும் இட்டு, விளிம்பிலிருந்து இரண்டின் தூரத்தையும் காலிப்பரால் அளக்க. இரண்டும் ஒன்றாயிருந்தால் தேக்குச் சட்டத்தை வைக்கலாம்.