படத்தில் நிற்கும் யானையும் தோட்டத்துக்கு வந்த யானையும்

எங்கள் பள்ளி கோவை மாவட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. மாலைச் சிறப்பு வகுப்பு ஐந்தரை மணியைத் தாண்டினால் பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள். இருட்டிய பிறகு பிள்ளைகள் அந்த மண் பாதையில் நடக்கக் கூடாது, யானை நடமாட்டம் உண்டு என்பதுதான் காரணம். இப்படிப்பட்ட ஊரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். 'வனவிலங்குப் பாதுகாப்பு' என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேனோ தெரியாது. பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்து, காரணங்களை வரிசையாக எழுதி, ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்தச் சொல் அவர்களிடம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் மட்டும் எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது.

சென்ற கல்வியாண்டில் ஒரே ஒரு ஒளிப்படத்தை வைத்து இந்தப் பாடத்தைத் தொடங்கிப் பார்த்தேன். நான் திட்டமிட்டபடி அது முடியவில்லை. முடியாமல் போனதுதான் நல்லதாயிற்று என்பதால் இதை எழுதுகிறேன்.

திறன் பலகையில் அந்தப் படத்தைக் காட்டினேன். கறுப்பு வெள்ளைப் படம். நீண்ட தந்தங்களோடு ஓர் ஆண் யானை தண்ணீர் குடிக்கிறது. நாடு, ஆண்டு, எடுத்தவர் பெயர் எதையும் சொல்லவில்லை. "மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும்" என்றேன். மூன்று நிமிடம் என்பது வகுப்பறையில் எவ்வளவு நீளமான நேரம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். முதல் நிமிடம் சிரிப்பும் செருமலும்தான். இரண்டாவது நிமிடத்தில் அடங்கினார்கள். மூன்றாவதில்தான் பார்க்கத் தொடங்கினார்கள்.

"காது பெருசுங் சார், இது நம்மூர் ஆனை இல்ல" என்றான் ஒருவன். அந்த ஒரு பதிலிலிருந்து பாடம் நடந்தது. ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரியது, ஆண் பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு; நம் யானைகளில் ஆணுக்கு மட்டும்தான், அதிலும் தந்தமில்லாத மக்னாக்கள் உண்டு. ஆப்பிரிக்க யானையின் தும்பிக்கை நுனியில் விரல் போன்ற இரண்டு நீட்சிகள், நம் யானைக்கு ஒன்று. பாடநூலைத் திறக்காமலேயே இத்தனையும் வந்துவிட்டது.

அடுத்த கேள்வி: "படம் எடுத்தவர் எங்கே நின்றிருப்பார்?" எல்லோரும் ஒரே குரலில், "தூரத்துல நின்னு ஜூம் பண்ணியிருப்பாருங் சார்" என்றார்கள். இல்லை. இதை எடுத்த நிக் பிராண்ட் என்ற ஆங்கிலேயர் தொலைநோக்கு லென்ஸ் பயன்படுத்துவதில்லை. யானைக்குச் சில மீட்டர் தூரத்தில் இருந்துதான் இதை எடுத்தார். அவர் அப்போது வைத்திருந்தது பென்டாக்ஸ் 67 என்ற ஃபிலிம் கேமரா. ஒரு சுருளில் பத்துப் படம்தான். செல்பேசியில் ஒரு நிமிடத்தில் நாற்பது படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பத்து என்ற எண்ணிக்கை பெரிய வியப்பாக இருந்தது. மனிதர்களை எப்படி எதிரில் உட்கார வைத்து உருவப்படம் எடுக்கிறோமோ அப்படி ஒரு விலங்கையும் எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். விலங்கு ஓடுவதையோ வேட்டையாடுவதையோ அவர் தேடிப் போகவில்லை. அது சும்மா இருக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தார்.

பிராண்ட் அடிப்படையில் திரைப்படத் துறையைச் சேர்ந்தவர். மைக்கேல் ஜாக்சனின் 'எர்த் சாங்' பாடலுக்கான காட்சிகளை எடுக்க 1995-இல் தான்சானியா போனவர், அங்குள்ள விலங்குகள் மீது மனம் வைத்துவிட்டார். 2001-இல் ஒளிப்படம் எடுக்கத் தொடங்கி, 2005, 2009, 2013 ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள் வெளியிட்டார். நாங்கள் பார்த்த படம் 2007-இல் கென்யாவின் அம்போசெலியில் எடுத்தது. கிளிமஞ்சாரோ மலைக்கு வடக்கே இருக்கும் தேசியப் பூங்கா அது. சிந்தியா மாஸ் என்ற ஆய்வாளர் 1972 முதல் அங்குள்ள யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, பெயர் வைத்துப் பதிவு செய்து வருகிறார். காது ஓரத்தின் கிழிசலும் ஓட்டையும் நரம்புகளும்தான் அடையாளம்.

படத்தில் இருந்த யானைக்கு இகோர் என்று பெயர். மனிதர்களைக் கண்டு அஞ்சாத யானை. அதனால்தான் அத்தனை அருகில் போக முடிந்தது. படம் எடுத்த இரண்டு ஆண்டுகளில், 2009 அக்டோபரில், தந்தத்துக்காக அதைக் கொன்றுவிட்டார்கள். அப்போது அதற்கு வயது 49.

இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியானது. 49 என்பது ஏறக்குறைய என் வயது என்று ஒரு மாணவி கணக்குப் போட்டுச் சொன்னாள். (எனக்கு இன்னும் சில ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன என்பதை அந்த நேரத்தில் வாதாடவில்லை.)

தொடர்ந்து, பிராண்டும் கென்யாவில் பல ஆண்டுகள் பாதுகாப்புப் பணி செய்துவந்த ரிச்சர்ட் பான்ஹமும் சேர்ந்து 2010-இல் 'பிக் லைஃப்' என்ற அமைப்பைத் தொடங்கியதையும், உள்ளூர் மாசாய் மக்களிலிருந்தே இருநூறுக்கும் மேற்பட்ட காவலர்களை அமர்த்தியதையும் சொன்னேன். படங்களால் கிடைத்த பெயரும் தொடர்புகளும் இதற்குக் கைகொடுத்தன. கொல்லப்பட்ட யானைகளின் தந்தங்களை ஏந்தி அந்தக் காவலர்கள் வரிசையில் நிற்கும் 2011-ஆம் ஆண்டுப் படத்தையும் காட்டினேன். ஒரு படத்தால் யானைகள் காப்பாற்றப்பட்டன என்று நான் சொல்லவில்லை; நீங்களும் அப்படிச் சொல்லிவிட வேண்டாம். 2017 இறுதியில் சீனா தன் உள்நாட்டுத் தந்த வணிகத்தை மூடியது போன்ற அரசு முடிவுகளுக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது. படம் அதில் ஒரு பங்கு. ஆனால் 1871-இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த யெல்லோஸ்டோன் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் கைக்குப் போய், மறு ஆண்டே அங்கு தேசியப் பூங்கா உருவானதை நினைத்தால், அது சிறிய பங்கும் இல்லை.

பாடம் நன்றாக முடிந்தது என்ற நிறைவோடு புத்தகத்தை மூடினேன். அப்போதுதான் மூன்றாவது வரிசையில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த மாணவி எழுந்தாள்.

"படம் நல்லாத்தானுங் சார் இருக்குது. ஆனா முந்தாநேத்து எங்க தோட்டத்துக்கு வந்த ஆனை இப்படி நின்னு பாக்கலைங் சார். நூத்தம்பது வாழை. இன்னும் ஒரு மாசத்துல வெட்டறதா இருந்தோம். எங்க அப்பாருக்கு ராத்திரியானா தூக்கமே இல்ல."

என்னிடம் பதில் இல்லை. மணி அடித்தது; அது என்னைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். கென்ய யானைக்காக வகுப்பையே வருந்த வைத்த நான், அந்த வகுப்பிலேயே ஒரு வீட்டின் ஓராண்டு உழைப்பு இரண்டு நாளுக்கு முன் மிதிபட்டதைக் கேட்காமல் இருந்துவிட்டேன். மறுநாள் அவள் ஒரு செல்பேசியைக் கொண்டுவந்து காட்டினாள். இழப்பீட்டு மனுவுக்காக அவள் சித்தப்பா எடுத்த படங்கள். முறிந்த வாழை, சிதறிய தார், வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் காலடி. எதிலும் யானை இல்லை. பிராண்டின் படத்திலோ மனிதர் இல்லை. இரண்டையும் திறன் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அன்றைய பாடவேளை முழுவதும் பிள்ளைகள்தான் பேசினார்கள். வழித்தடம், தென்னந்தோப்பு, வீட்டுமனை, அகழி, பட்டாசு, கோடையில் வற்றும் ஓடை என்று பாடநூலில் ஒரு அத்தியாயத்துக்குள் அடங்காத செய்திகள் வந்தன.

அதன்பிறகு பிராண்டின் பிற்காலப் படங்களைத் தேடிப் பார்த்தேன். அந்த மாணவி கேட்ட கேள்வி அவருக்கும் எழுந்திருக்கும் போலிருக்கிறது. 2016-இல் வெளிவந்த 'இன்ஹெரிட் த டஸ்ட்' தொகுப்புக்காக, தாம் முன்பு எடுத்த விலங்குப் படங்களை அவற்றின் உண்மையான உயரத்துக்கே பெரிதாக அச்சிட்டு, பலகைகளில் ஒட்டி, முன்பு அந்த விலங்குகள் திரிந்த இடங்களில் நிறுத்தினார். குப்பைமேட்டில் யானை, கல்குவாரியில் ஒட்டகச்சிவிங்கி. சுற்றிலும் மக்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2021-இல் வந்த 'த டே மே பிரேக்' படங்களில், வறட்சியிலும் வெள்ளத்திலும் வாழ்விழந்த கென்ய, ஜிம்பாப்வே மக்களும் மீட்கப்பட்டுக் காப்பகத்தில் வளரும் விலங்குகளும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறார்கள். பிக் லைஃப் அமைப்பும் காவலோடு நின்றுவிடவில்லை. சிங்கம் மாட்டை அடித்தால் மாசாய் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. விளைநிலத்துக்கும் யானைக்கும் இடையே வேலியும் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் படங்களைக் காட்டியபோது, "நாமளும் இப்படி ஒண்ணு நிறுத்தலாமுங் சார்" என்றது பிள்ளைகள்தான்.

உண்மையான உயரம் வேண்டுமே? இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஆசிய யானையின் முன்னங்காலின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் கிடைக்கும். வாய்க்கால் ஓரத்துச் சேறு காய்ந்து இறுகி, காலடி அப்படியே இருந்தது. வனக்காப்பாளரிடம் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை நல்ல வெயில் நேரத்தில், பெற்றோர் துணையோடு மூன்று மாணவர்களை அழைத்துப் போனேன். (வேறு எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் அழைத்துப் போகாதீர்கள். யானையைப் படமெடுக்க யாரும் போகக்கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.) வட்டமாக இருந்தது முன்னங்கால், சற்று நீள்வட்டமாக இருந்தது பின்னங்கால். சணலை வைத்து அளந்தோம். 134 சென்டிமீட்டர். அப்படியானால் 268 சென்டிமீட்டர் உயரம்.

பழைய ஃபிளெக்ஸ் பேனர்களின் வெள்ளைப் பின்புறத்தில், ஓவிய ஆசிரியரின் உதவியோடு, அடுப்புக்கரியையும் கறுப்புப் பெயின்டையும் கொண்டு வரைந்தார்கள். பத்து நாள் ஆயிற்று. கட்டம் போட்டுப் பெரிதாக்கும் வேலையில் விகிதசமம் தானாக வந்தது. கணக்கு ஆசிரியருக்கு மகிழ்ச்சி. காத்திருந்த நாட்களில் மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். திருநெல்வேலியில் 1912-இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவால் நம் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். முதுமலையில் பழக்கிய யானையின் முதுகில் ஏறிப்போய்க் காட்டு யானையைப் படமெடுத்தார் என்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது. பத்மஸ்ரீ பெற்றார். கென்யாவுக்குப் போகும் முன் நான் இவரிடமிருந்து தொடங்கியிருக்கலாம். அடுத்த ஆண்டு அப்படித்தான் செய்யப் போகிறேன்.

எங்கள் யானையை ஊர்க் குப்பைமேட்டின் ஓரத்திலும், புதிய வீட்டுமனைகளின் அளவுக் கற்களுக்கு நடுவிலும் நிறுத்தி, செல்பேசியில் படமெடுத்தோம். கடைசியாக அந்த மாணவியின் தோட்டம். அவள் அப்பாரு முதலில் வரமாட்டேன் என்றுவிட்டார். சிறிது நேரம் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகள் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு இரவுக் காவலுக்கு எடுத்துப்போகும் டார்ச்சைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்தார். படத்தின் முன்னால் நின்று, மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"உசரம் சரிதான். ஆனா கொம்பத் தப்பா எழுதிப்போட்டீங்களே. இங்க வர்றது ஒத்தக் கொம்பன். இடது கொம்பு பாதிலேயே ஒடஞ்சிருக்கும். காதுல இந்தப் பக்கம் ஒரு கிழிசல் இருக்குது."

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இகோரின் தந்தங்களைத்தான் அவர்கள் அப்படியே வரைந்துவிட்டிருந்தார்கள். அவர் பேத்தி வெள்ளைப் பெயின்டை எடுத்து இடது தந்தத்தின் பாதியை அழித்தாள். காதில் கிழிசல் எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று அவர் விரலால் தொட்டுக் காட்ட, அவள் வரைந்தாள். பெயின்ட் காயும்வரை காத்திருந்து, இருவரையும் யானையின் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்தோம்.