டிரிம் டேப் ஆடினால் துளையைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஓடும் விசைப்படகுகள் பலவற்றின் பின்பலகையில், அடிவிளிம்பை ஒட்டி இரண்டு தகடுகள் கீலில் தொங்கும். இவைதான் டிரிம் டேப். ஓட்டத்தில் இவற்றைத் தாழ்த்தினால் படகின் பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழும். அப்போது தகட்டின்மேல் விழும் நீரழுத்தத்தில் ஒரு பங்கைத் தாங்குபவை கீலைப் பிடித்திருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகள். தகடு ஆடத் தொடங்கினால் திருகை இறுக்குவதும், இறுகாவிட்டால் இன்னும் தடித்த திருகைப் போடுவதும் பலரின் வழக்கம். பழுது இருப்பதோ துளையில். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் பின்பலகை என்பது இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைத்த பிளைவுட். திருகு கவ்வியிருப்பது அந்த மரத்தை. திருகைச் சுற்றி நீரை அடைக்கும் சீலன்ட் விட்டுப்போனால் நீர் உள்ளே புகும், ஊறிய மரம் பிடியை இழக்கும். தடித்த திருகு சில காலம் நிற்கும். மரம் ஊறுவது மட்டும் நிற்காது.

ஆகவே படகைக் கரையேற்றி, தகட்டைக் கழற்றி, பழைய சீலன்டைச் சுரண்டி, அசிடோனால் துடைத்துவிட்டு முதலில் மரத்தைச் சோதியுங்கள். துளையைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். அதைவிட நம்பகமான சாட்சி டிரில்லில் வரும் தூள். 6 மி.மீ. திருகுக்கு 12 மி.மீ. அளவில் துளையைப் பெரிதாக்குங்கள். உள் ஃபைபரைத் தொடாதபடி டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூள் வெளிர்நிறமாக, உலர்ந்து வந்தால் வேலையைத் தொடரலாம். ஈரமாக இருந்தால் எத்தனை நாளானாலும் காயவிடுங்கள். அவசரப்படுகிறவர்கள் கெடுப்பது இந்த இடத்தைத்தான். காய்ந்ததும் துளைச்சுவரில் கெட்டியாக்காத எபாக்சியைத் தடவி ஊறவிட்டு, சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியை ஊசிக்குழாயால் அடியிலிருந்து வெளிநோக்கி நிரப்புங்கள்; காற்றுக்குமிழி தங்காது. இறுகியபின் தகட்டை வைத்துக் குறித்து, திருகுக்கேற்ற சிறு துளையை எபாக்சியின் நடுவில் போடுங்கள். இனி சீலன்ட் ஒருநாள் விட்டாலும் நீர் மரத்தைத் தொடாது.

“துளையில் 3எம் 5200 சீலன்டைப் பிதுக்கித் திருகினால் முடிந்ததே” என்பார்கள். ஈர மரத்தின்மேல் அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். தேங்கிய நீரில் காற்றுப் படாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும். மேலும் 5200 நிரந்தரப் பசை. பின்னாளில் கழற்றினால் ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட்டும் சேர்ந்து பெயரலாம். கழற்றவேண்டி வரும் உறுப்புக்கு, அதே நிறுவனத்தின் 4200 போன்ற பிடி குறைந்த பாலியூரிதேன் சீலன்ட் போதும். சிலிகான் வேண்டாம், அது விட்டுச்செல்லும் படலத்தின்மேல் பிறகு எதுவும் ஒட்டாது. உள்ளிருந்து நட்டுப் போட்டு போல்ட்டால் முடுக்கலாமே என்பது நியாயமான கேள்வி. பலம் கூடும், ஆனால் துளை உள் ஃபைபரையும் கடக்கும். எபாக்சிச் சுவர் அங்கும் தேவை.

மாட்டும்போது துளையின் வாயைச் சற்றுக் குடைந்துவிடுங்கள். ஜெல்கோட் விரிசல் விடாது, சீலன்ட் வளையமாகத் தங்கும். திருகை முரட்டுத்தனமாக இறுக்கினால் சீலன்ட் முழுதும் பிதுங்கிவிடும். தகட்டை ஏற்றி இறக்கும் ஆக்சுவேட்டரின் மேல்பிடித் துளைகளையும், வயரோ ஹைட்ராலிக் குழாயோ நுழையும் துளையையும் இதே முறையில் அடையுங்கள். உப்புநீரில் ஓடும் படகென்றால் தகட்டின் துத்தநாக அனோடுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். டிரில்லில் கறுத்த, சேறு போன்ற தூள் வந்திருந்தால் இவை எதுவும் உதவாது. பின்பலகையைத் திறந்து பிளைவுட்டையே மாற்றவேண்டும்.