அஜீரணக்காரர் வயிற்றில் குடியிருக்கும் கிருமி

கடை நடத்தும் சகோதரர்களே! "நானா, நெஞ்சைக் கரிக்குது, ஒரு காஸ் பொடி குடுங்க" என்று தோட்டத்திலிருந்து வாரந்தவறாமல் வருகிறவர் நம் ஒவ்வொரு கடைக்கும் உண்டு. காரக் குழம்பும், குளிருக்குக் குடிக்கும் தேநீரும், நேரந்தவறிய சாப்பாடுமே காரணமென்று சொல்லிப் பொட்டலத்தைக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம்.

ரிங்லெட்டில் என் கடைக்கு இப்படி மூன்று ஆண்டுகள் வந்த பெரியவர் ஒருவர், மலம் கறுத்துப்போவதை வெட்கப்பட்டு மறைத்து, மயங்கி விழுந்த பிறகே ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார். வயிற்றில் புண்ணும் இருந்தது, கிருமியும் இருந்தது. பிழைத்தார். அன்றிரவு அவர் பற்றுக் கணக்கைப் புரட்டி, எத்தனை பொட்டலம் விற்றிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

அக்கிருமிக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பெயர். இரைப்பைப் புண்ணுக்கு முக்கிய காரணம் அதுவே. காரமும் தேநீரும் எரிச்சலைக் கிளறுவதோடு சரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் டாக்டர்கள் 1982-ல் அதை வளர்த்துக் காட்டினர். இரைப்பையின் புளிப்பில் கிருமி பிழைக்காதென்று பலர் நம்ப மறுக்கவே, மார்ஷல் 1984-ல் கிருமி நீரைத் தாமே குடித்து நோயில் விழுந்தார். (துணிச்சல்தான், நமக்கு வேண்டாம்.) 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டுக் கணக்கைக் கேளுங்கள். கோலாலம்பூர் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் அஜீரணத்திற்காகக் குழாய்க் கருவி விட்டுப் பார்க்கப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றி டாக்டர் கோ கியான் லீ 1997-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இக்கிருமி இருந்தது. இந்தியரில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல். சீனரில் 50-க்குச் சற்றுக் குறைவு. மலாய்க்காரரில் 20-க்கும் குறைவு. ஒரே நாட்டில் ஏன் இந்த வித்தியாசம்? இது பெரும்பாலும் சிறுவயதில், நெருக்கமான வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. குடும்பத்தோடு தலைமுறை தலைமுறையாக வரும். இப்போது தொற்று வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் லயன் வீடுகளில் வளர்ந்த மூத்தவர்களைப் பற்றி நாம் அசட்டையாயிருக்கலாகாது.

எல்லா அஜீரணமும் கிருமியால் வருவதன்று. மூட்டுவலி மாத்திரைகளும் புண்ணாக்கும். கண்டறிய மூச்சுப் பரிசோதனை உண்டு: யூரியா கலந்த நீரைக் குடித்துப் பையில் ஊத வேண்டும். (உரக்கடை யூரியா அல்ல, ஆஸ்பத்திரியில் தருவது!) இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு வகைக் கிருமிக்கொல்லி மருந்துகளைப் பெரும்பாலும் 14 நாள் கொடுப்பர். நான்காம் நாளே சுகமென்று நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

இப்போது என் கடையில், இரண்டு வாரத்துக்கு மேல் பொடி கேட்பவரை, "தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா?" என்று கேட்கிறேன். கறுத்த மலம், இரத்த வாந்தி என்றால் பொடி கொடுப்பதேயில்லை. வண்டிக்குச் சொல்லி அனுப்புகிறேன்.