உடலும் உயிரும் தானமும்

1968-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மூளை முற்றும் செயலற்று மீளா நிலை எய்தினால், இருதயம் துடிப்பினும் அதனை மரணமெனக் கொள்ளலாம் என்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகக் குழுவினர் உரைத்தனர். அதே மாதத்தில் ஜப்பானின் சப்போரோ நகரில் வாடா ஜுரோ என்னும் மருத்துவர் அந்நாட்டின் முதல் இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். இருதயம் பெற்றவர் 83 நாட்களே வாழ்ந்தார். அளித்தவர் மெய்யாகவே இறந்திருந்தாரோ என்ற ஐயம் எழுந்து, மருத்துவர் மீது கொலைப் புகார் கூறப்பட்டது, வழக்குத் தொடரப்படவில்லை. எனினும் 1999 வரை அங்கே மற்றோர் இருதய மாற்றம் நிகழவில்லை.

நினைக்கும் மூளையே மனிதன், உடல் அதன் கருவி என்னும் எண்ணம் மேனாட்டில் எளிதிற் பொருந்திற்று. ஜப்பானியருட் பலரோ வெப்பம் மாறாத உடலைப் பிணமெனக் கொள்ள இசைந்திலர். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவாருடன் நாம் உடன்படோம்.

தம்மம் யாது கூறுகின்றது? உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தத்துள் எதனையும் தனித்து 'நான்' எனச் சுட்டவியலாது. ஆகவே மூளை ஒன்றே ஆள் என்பதும், இருதயம் ஒன்றே ஆள் என்பதும் நமக்கு ஒவ்வா. ஆயுளும் வெப்பமும் விஞ்ஞானமும் நீங்கிய உடலே எறியப்பட்டுக் கிடக்கும் என்று சம்யுத்த நிகாயம் உரைக்கும். இயந்திரத்தால் மூச்சு நடைபெறும் உடலிலோ வெப்பம் உளது. விஞ்ஞானம் உளதோ என்பதே வினா. அத்தகைய இயந்திரம் இல்லாக் காலத்துச் சூத்திரத்திலிருந்து முடிந்த தீர்ப்பொன்றை வலிந்து பெறுதல் முறையன்று.

'உடல் எனதன்று எனில், பிறர் எடுத்துக்கொள்ளத் தடை என்ன?' என்று சிலர் வினவுவர். இது அனாத்தும போதத்தைத் தலைகீழாக்குவதாகும். பற்றினை விடுபவன் தானே விடவேண்டும். தானத்தின் உயிர் கொடுப்போன் சேதனையே. சிபி மன்னன் தன் கண்களைத் தானே ஈந்தான். இந்நோக்கில், இறப்பவர் எழுத்து மூலம் இசைந்திருத்தலும் குடும்பத்தார் மறுக்காமையும் வேண்டுமென்ற 1997-ஆம் ஆண்டு ஜப்பானியச் சட்டமே தம்மத்துக்கு அணித்தாயது. 2010-இல் நடைமுறைக்கு வந்த திருத்தமோ, இறந்தவர் மறுத்திராவிடில் குடும்பத்தார் இசைவே போதும் என்றது. இந்தியாவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் நெருங்கிய உறவினர் இசைய இடந்தருகின்றது. துயரமுற்ற தாயோ மனைவியோ மருத்துவமனை வாயிலில் ஊகித்து விடை கூறும் நிலையை நாம் வாழுங்காலத்தே வாய்திறந்து தவிர்க்கலாம்.

வெப்பமுள்ள உடலைப் பற்றி ஐயுறுவோருக்கும் கண் தானத்திற்குத் தடையில்லை. இருதயம் நின்ற பின்னரே, ஆறு மணி நேரத்துக்குள், அது பெறப்படுகின்றது. 1961-இல் இலங்கையில் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தான சங்கத்தின் மூலம் பௌத்தர் பலர் ஈந்த கண்கள் பல நாடுகளுக்குச் சென்றுள்ளன.