ஒரு நிமிடப் படத்துக்குப் பத்து நாள்

1995-ல் வெளியான 'டாய் ஸ்டோரி'யை உருவாக்கிய ரெண்டர்மேன் மென்பொருளை, வணிகமல்லாத உபயோகத்துக்கு 2015-ல் பிக்ஸார் நிறுவனம் இலவசமாக்கியது. ஸ்டுடியோவில் நூற்றுக்கணக்கான கணினிகள் செய்யும் வேலை, வீட்டிலோ ஒன்றுதான். ஆகவே முதலில் கணக்குப் போடுங்கள்.

சங்க ஆண்டு விழாவுக்கு என் பேரன் ஒரு நிமிட யானைப் படம் செய்தான். வினாடிக்கு 24 பிரேம், நிமிடத்துக்கு 1440. பிரேமுக்குப் பத்து நிமிடமானால் 240 மணி, அதாவது பத்து நாள். விழாவுக்கு இருந்ததோ பன்னிரண்டு நாள்.

படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தன. ஒளிக்கதிர்களைக் கண்டபடி எறிந்து சராசரி எடுப்பதால் வருபவை அவை. பையன் கதிர்களை நான்கு மடங்காக்கினான். புள்ளிகள் பாதிதான் குறையும்; நேரமோ நாற்பது நாள்!

கதிர்களை முதலில் இருந்ததில் கால்பங்காக்கி, மிஞ்சிய புள்ளிகளை மென்பொருளிலேயே உள்ள டீநாய்ஸரால் துடைத்தோம். ஏறக்குறைய மூன்று நாளில் முடிந்தது. யானையின் வால் மயிர் சற்று மழுங்கிவிட்டது. பேரனுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.