தொட்டி மாற்றும் காலமும் முறையும்

பணி மாறுதலில் தில்லிக்கு வந்தபோது, என் தாயார் வளர்த்த கறிவேப்பிலைக் கன்று ஒன்றை உடன் கொண்டுவந்தேன். மூன்றாம் மாடிப் பால்கனியில், 8 அங்குலத் தொட்டியில், இரண்டு ஆண்டுகள் அது செழித்திருந்தது. பின்னர் இலைகள் சிறுத்தன. காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் வற்றியது. வடிகால் துளை வழியே வேர்கள் எட்டிப் பார்த்தன. ஒரு மே மாத ஞாயிறன்று அதனை 16 அங்குலத் தொட்டிக்கு மாற்றி, நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றினேன். பத்தே நாளில் இலைகள் உதிர்ந்தன. செடியின் நலத்தைத் தாயார் தொலைபேசியில் வினவியபோது, பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று.

நான் செய்த தவறுகள் இரண்டு.

முதலாவது, தொட்டியின் அளவு. வேர் சென்றடையாத மண்ணில் தேங்கும் ஈரத்தை உறிஞ்ச ஏதுமில்லை. காற்றோட்டமின்றி வேர் அழுகும். ஆகவே, புதிய தொட்டி பழையதைவிட 2 அங்குலம் மட்டுமே அகலமாக இருத்தல் நன்று.

இரண்டாவது, பருவம். வேர் அறுபட்ட செடியால், கடுங்கோடையில் இலைகள் இழக்கும் நீரை ஈடுசெய்ய இயலாது. வட மாநிலங்களில் குளிர் தணிந்து துளிர் தோன்றும் பிப்ரவரி இறுதியும், ஏனைய பகுதிகளில் மழைக்காலத் தொடக்கமும் ஏற்றவை.

செய்முறை

முந்தைய நாள் நீர் ஊற்றி மண்ணை இளக்குங்கள். தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டி, மண்கட்டியோடு செடியை எடுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தல் கூடாது. சுற்றிச் சுருண்ட வேர்களை விரலால் பிரித்து, கறுத்து அழுகியவற்றை நறுக்குங்கள்.

தோட்ட மண் இரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். வடிகால் துளையை ஓட்டுச்சில்லால் மறைத்தால் போதும். கூழாங்கல் அடுக்குவதால் வடிகால் மேம்படுவதில்லை. தண்டு முன்பு புதைந்திருந்த ஆழத்திலேயே நட்டு, விளிம்புக்குக் கீழே ஓர் அங்குலம் இடம் விடுங்கள். துளை வழியே வடியும்வரை நீர் ஊற்றுங்கள். ஒரு வாரம் நிழலில் வைத்து, மேல்மண் உலர்ந்த பின்னரே மீண்டும் நீர் விடுங்கள். ஒரு மாதம் உரமிட வேண்டாம்.

பளுவையும் கருதுங்கள். மண் நிறைந்த 12 அங்குலத் தொட்டி, நனைந்தால் 20 கிலோவைத் தாண்டக்கூடும். இடமோ பளுவோ இடம் தராவிடில், வெளிப்புற வேரில் கால் பங்கை நறுக்கி, புதுமண் இட்டு, அதே தொட்டியில் நடலாம். அப்போது கிளைகளையும் சற்றுக் கவாத்து செய்வது அவசியம்.

என் செடியை மீண்டும் வெளியே எடுத்து, அழுகிய வேர்களை நீக்கி, பழைய தொட்டியிலேயே நட்டு நிழலில் வைத்தேன். மழை வந்த பின் ஒரு துளிர் கண்டது. அடுத்த பிப்ரவரி இறுதியில் 10 அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன். அண்மையில் தில்லி வந்த தாயார் அதிலிருந்து ஒரு கொத்து பறித்து ரசம் தாளித்தபோதுதான், நடந்ததை அவரிடம் கூறினேன்.